சேலம் அம்மாபேட்டை வீட்டில் ஆடி மாதம்

ஜூலை 16, புதன்

நாளை ஆடி ஒன்று, தேங்காய் சுடும் நாள். மாமனார் ஒரு கோணிப்பை நிறையத் தேங்காயும் ஒரு கட்டு அழிஞ்சில் குச்சியும் வாங்கிவந்து வாசலில் இறக்கினார். கூட்டுக் குடும்பத்தில் பதினான்கு பேர். ஆளுக்கொரு தேங்காய் என்பது அத்தையின் சட்டம், கைக்குழந்தைக்கும் உண்டு.

பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சீருடையைக்கூட மாற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள். நார் துளியும் இருக்கக் கூடாது. யாருடைய தேங்காய் அதிக வழவழப்பு என்று போட்டி. மாமனார்தான் நடுவர். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். ஓரகத்தியின் சின்ன மகள் வென்றாள். நாளை முதல் தேங்காயைத் தீயில் காட்டும் உரிமை அவளுக்கு. வீட்டுப்பாடத்தை எட்டரை மணிக்குமேல்தான் தொட்டார்கள். இன்று ஒருநாள் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

பகலெல்லாம் தறி, அலுவலகம், பள்ளி. மாலையில்தான் வீடு கூடியது.

தேங்காயின் கண்ணைத் துளைத்து நீரை வடித்துவிட்டு அவல், பொட்டுக்கடலை, எள், வறுத்த பாசிப்பருப்பு, வெல்லத்தூள், ஏலக்காய் எல்லாவற்றையும் அந்தச் சிறு துளை வழியாகவே உள்ளே செலுத்த வேண்டும். பெரியவன் பழைய நோட்டு அட்டையைச் சுருட்டிப் புனலாக்கினான். வடித்த நீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, கூராகச் சீவிய குச்சியைச் செருகி, மஞ்சள் பூசினோம். குச்சி இறுக்கமாக நிற்காவிட்டால் பாகு பொங்கி வெளியே வந்துவிடும். அதனால் அந்த வேலையை மட்டும் அத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது என்றும், அதில் வெற்றி வேண்டிப் பிள்ளையாருக்குச் செய்ததே இந்தச் சுட்ட தேங்காய் என்றும் அத்தை கதை சொன்னார். அவ்வளவுதான், குச்சியில் செருகிய தேங்காய்கள் எல்லாம் பீமனின் கதாயுதம் ஆகிவிட்டன! துரியோதனனாக இருக்க ஒருவரும் ஒப்பவில்லை. வேலை முடிந்து அப்போதுதான் வந்த கொழுந்தனார், கையில் சாப்பாட்டுப் பையோடு, "நான் இருக்கிறேன், வாருங்கள்" என்றார். வாசலிலேயே தொடையில் அடிவாங்கி விழுந்தார். பிள்ளைகள் ஆரவாரித்த சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இருட்டியபின் தெரு நெடுக வீட்டுக்கு வீடு தீ. மஞ்சள் பூசிய ஓடு பழுப்பாகி, கறுத்து, குச்சியின் அடியில் பாகு குமிழியிட்டது. சின்னவள் கை வலித்தும் குச்சியை யாரிடமும் கொடுக்கவில்லை. சட்டென்று ஓடு வெடித்துக் கீறல் விட்டது. பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்டு, வீட்டுக்கு வந்து உடைத்தோம். ஓட்டோடு ஒட்டியிருக்கும் தேங்காய்ப் பருப்பு, வெல்லமும் புகையும் ஏறி நெகிழ்ந்திருக்கும். உலகத்தில் எந்த இனிப்பையும் அதற்கு ஈடாகச் சொல்ல மாட்டேன்.

ஜூலை 24, வியாழன்

மூன்று பிள்ளைகளுக்குச் சளி. கஷாயம், துணி, மறுபடியும் கஷாயம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மேட்டூர் போக எல்லாருக்கும் ஆசை. அந்தக் கூட்டத்தில் இத்தனை பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய் வருவது நடக்காது என்று அத்தை சொல்லிவிட்டார். பிள்ளைகளின் முகம் வாடிப்போயிற்று. மொட்டைமாடி கழுவும் முறை இன்று என்னுடையது. வடிகாலில் பழைய துணியை அடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கணுக்கால் அளவு நின்றதும் "காவிரி வந்துவிட்டது" என்று கத்தினேன்.

காகிதக் கப்பல், சாப்பாட்டுத் தட்டில் பரிசல், எல்லாம் வந்தன. அத்தை மேலே ஏறிவந்தார். திட்டுவார் என்று பிள்ளைகள் ஒதுங்கினார்கள். அவரோ மஞ்சளும் பூவும் தூவி, கண்ணை மூடிக் கும்பிட்டார். எங்களுக்கு அங்கேயே மஞ்சள் சரடு கட்டிவிட்டார். தேங்காய்ச் சாதமும் புளியோதரையும் ஈரக் காலோடு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதே தண்ணீரைத் தள்ளிவிட்டு மாடியையும் கழுவி முடித்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குகைப் பகுதி மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு அதே பேச்சு. வண்டிகளில் சாமி வேடம் கட்டி வரிசையாக வருவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மனத்தைவிட்டு அகலாது. இன்று எங்கள் தெருவில் அவர்களே ஒன்று நடத்தினார்கள்.

வண்டி, தண்ணீர்க் குடம் ஏற்றும் தள்ளுவண்டி. கிரீடம், தறியில் நூல் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் கூம்பு. அதைச் சுற்றி ஜரிகைத் துணுக்கு. மாரியம்மன் கையில் வேப்பிலைக் கொத்து, முருகன் கையில் ஒட்டடைக்கோல். சிவனுக்குப் பாம்பு வேண்டுமென்று என் மகன் தோட்டக் குழாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டான். கொழுந்தனார் வண்டி தள்ளினார், மாமனார் எவர்சில்வர் தட்டில் கொட்டு அடித்தார். பார்க்க வந்தவர்களுக்கு ஓரகத்தி, இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்த தட்டுவடை செட் போட்டுக் கொடுத்தாள். பீட்ரூட் துருவித் துருவி அவள் விரலெல்லாம் சிவந்துவிட்டது.

அடுத்த ஞாயிறும் நடத்த வேண்டுமாம். தனக்கு ஔவையார் வேடம்தான் என்று அத்தை இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். கைத்தடி தேடும் பொறுப்பு எனக்கு.