சிவப்பைத் தேடிய கதை

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார், ஒரு கால் மட்டும் வீங்கி. பாடப்புத்தகத்தில் செல்லுலைடிஸ், அதாவது தோலிலும் அதன் அடியிலும் வரும் கிருமித்தொற்று, என்றால் தோல் சிவந்திருக்கும், படமும் வெள்ளைக்காரர் கால்தான். இவர் காலோ வெயிலிலும் உப்புக்காற்றிலும் நன்றாகக் கறுத்தது, அதில் சிவப்பைத் தேடிக்கொண்டே நான் நிற்க, பக்கத்திலிருந்த சிஸ்டர் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மற்ற காலையும் தொட்டுப் பாருங்க டாக்டர்" என்றார். சூடு நன்றாகவே தெரிந்தது, தோலும் பளபளவென்று இழுத்திருந்தது. இத்தனை வருஷப் படிப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை!

பாடம் சிலரை விட்டுவிடுவதும் தப்பாகக் காட்டுவதும் தோல் நிறத்தோடு நிற்கவில்லை. 2019லிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஏட்காம் என்று ஒன்று இருக்கிறது, நோயாளியிடம் பேசுவது, நடந்துகொள்வது எல்லாம். நல்ல விஷயம்தான். ஆனால் தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவாகச் சொல்லித் தராதீர்கள் என்று 2021ல் கல்லூரிகளுக்கு எழுதிய அதே தேசிய மருத்துவ ஆணையம், 2024 ஆகஸ்ட் பாடத்திட்ட வழிகாட்டியில் லெஸ்பியன் உறவைப் பாலியல் குற்றங்களோடு மறுபடி சேர்த்தது. எதிர்ப்பு வந்ததும் செப்டம்பரில் வாபஸ் வாங்கினார்கள். மாற்றுத்திறனாளிகள் பற்றிய பகுதியைக் காணோம் என்றும் அப்போது சண்டை நடந்தது.

நான் இப்போது மாணவர்களை முதலில் இரண்டு காலையும் தொடச் சொல்கிறேன். புத்தகம் அப்புறம்.