செக்கச்செவேல் என்ற ஒரு சொல்: கலை, இலக்கிய அறிமுகத் தாள் எழுதிய அனுபவம்

கலை, இலக்கிய அறிமுகத் தாளின் முடிவு சென்ற வாரம் வெளிவந்தது. சென்ற ஆண்டு இதே தாளில் தவறிய நான், இம்முறை நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருக்கிறேன். மனத்தில் நிம்மதி இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. தரப்படும் படத்தை வருணிக்கும் பகுதி, பழந்தமிழ்ப் பாடலுக்குப் பொருள் எழுதும் இலக்கியப் பகுதி ஆகியவை இத்தாளில் உண்டு. வருணனையில் என்னை வீழ்த்திய ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் முறை வருணனைக்குத் தரப்பட்டிருந்த படம், மாலை வெயிலில் பூத்து நிற்கும் கரும்புத் தோட்டம். மொரீசியஸில் வளர்ந்த எவரும் கரும்புப் பூவைப் பார்த்திருப்பர். வெள்ளி போன்ற அதன் கதிரில் இலேசான செம்மை ஓடும். அந்தச் செம்மையை வீட்டில், எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், "ரூஸ்-ரூஸ்" என்போம். கிரியோலில் நிறச்சொல்லை இரட்டித்தால் நிறம் மங்கும். அது முழுச் சிவப்பன்று, சிவப்பின் சாயல். நாள் முழுவதும் கிரியோல் பேசிப் பழகிய என் மனம், அந்த இரட்டிப்பைத் தமிழிலும் தேடி, "செக்கச்செவேலெனப் பூத்த கரும்பு" என்று எழுதிவிட்டது. தமிழிலோ இரட்டிப்பு நிறத்தை அழுத்தும். செக்கச்செவேல், கன்னங்கரேல், பச்சைப்பசேல், வெள்ளைவெளேர் ஆகிய நான்கும் நிறத்தின் உச்சத்தைச் சொல்பவை. தேர்வுக்குப் பின் நினைவிலிருந்து அதே விடையை எழுதிக் காட்டியபோது, "தோட்டம் தீப்பற்றி எரிகிறதா, அம்மா?" என்று என் ஆசிரியர் கேட்டார். அன்று இரவு நான் உறங்கவில்லை.

மங்கிய நிறத்திற்குத் தமிழில் வேறு வழிகள் உண்டு. இளஞ்சிவப்பு, வெளிர்பச்சை, செம்மை படர்ந்த, நீலம் பாய்ந்த, மஞ்சள் பூத்த என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் படுக்கைக்கு மேல் ஒட்டிவைத்தேன். நிறச்சொற்கள் அடுத்த சொல்லோடு சேரும்போது எப்படி மாறுகின்றன என்பதையும் பழகிக்கொள்ளுங்கள்: செம்மண், செந்தாமரை, செங்கதிர், செவ்வானம், பசும்புல், பைந்தளிர், பாசிலை. பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கான நன்னூல் நூற்பாவை மனப்பாடம் செய்தவர்கள்கூட வருணனையில் "சிவப்பான மண்" என்றே எழுதுகிறார்கள். இலக்கண வகுப்பில் கற்றதை வருணனைக்குக் கொண்டுவராமல் போவது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இரண்டாம் முறை எனக்குத் துணை நின்றது, தொல்காப்பியத்தில் உவமையைப் பற்றிப் பேசும் உவமவியல். உவமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காக அது பிரிக்கிறது. புலிபோலப் பாய்ந்தான் என்பது வினை. மழை போன்ற வள்ளல் கை பயன். துடி (உடுக்கை) போன்ற இடை மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் உரு, அதாவது நிறம். உவமைக்கென வகுக்கப்பட்ட இந்நான்கையும் ஓவியத்தின் முன் நான்கு கேள்விகளாக நிறுத்தினேன். சித்தன்னவாசல் தாமரைக்குள ஓவியத்தின் அச்சுப்படத்தை எடுத்துக்கொண்டு, யார் என்ன செய்கிறார், தண்டு எவ்வாறு வளைகிறது, எந்த நிறம் எங்கே மங்கியிருக்கிறது, பார்ப்பவர் மனத்தில் என்ன நிகழ்கிறது என்று ஒரு மாதம் நாள்தோறும் எழுதினேன். மலர் கொய்பவர், மீன், யானை, எருமை, அன்னம் என ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றபோது "அழகான" என்ற சொல் தானாகவே விலகியது. நான் மெதுவாகப் பார்ப்பவள் என்பதால் இந்த வழி எனக்குப் பொருந்தியது. விரைந்து எழுதுபவர்கள் நான்கில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இலக்கியப் பகுதிக்குச் சுருக்கமாக:

முதல் (நிலமும் பொழுதும்), கரு (அந்நிலத்து உயிர்களும் பொருள்களும்), உரி (அதற்குரிய அக உணர்வு) மூன்றையும் பாடலின் ஓரத்தில் குறித்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

கடற்கரை நிலமான நெய்தலுக்குச் சிறுபொழுது, அதாவது நாளின் பொழுது, எற்பாடு எனும் கதிரவன் சாயும் நேரம். கடற்பாடல் என்றதும் விடியலை நினைக்காதீர்கள்.

காட்டு நிலமான முல்லைக்குரிய கார்காலம், அதாவது மழைக்காலம், ஆவணியும் புரட்டாசியும் ஆகும். அம்மாதங்களில் நம் தீவில் மழை குறைவு. நம் பருவத்தை வைத்து முல்லைப்பாடலுக்குப் பொருள் சொன்னால் பிழையாகும்.

கவிஞர் வரலாற்றை இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, கடைசிப் பத்து நிமிடங்களை நிறச்சொற்களைச் சரிபார்க்க மட்டுமே ஒதுக்கினேன். மற்ற பிழைகளை விட்டுவிட்டீர்களா என்று தோழியர் கேட்டனர், ஆம், விட்டுவிட்டேன். இம்முறை வந்த படம் கரையோரம் நிற்கும் ஒரு மீன்பிடிப் படகு. கடலின் நிறத்தை எழுதும் இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சிறிது நேரம் படத்தையே பார்த்திருந்தேன். பிறகு, பவளத்திட்டுக்கு இப்பால் வெளிர்பச்சை, அப்பால் கருநீலம், இரண்டுக்கும் இடையே நுரையின் வெண்கோடு என்று எழுதினேன்.