யூனியன் ஜாக் ஜெக்கட்: முதுகு முடிந்தது, முன்பக்கமும் ஒத்து வந்தது

யூனியன் ஜாக் என்ற பிரித்தானியக் கொடியின் சிவப்புச் சிலுவையும் குறுக்குப் பட்டைகளும் முதுகின் நடுவில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டன. அச்சடித்த துணி ஒரு துண்டும் சேர்க்காமல், பட்டை பட்டையாக வெட்டி மூட்டியே இதைத் தைக்கலாம் என்று ஹட்டனில் இருந்துகொண்டு இனி தைரியமாகச் சொல்வேன்.

டிசம்பர் கலைநிகழ்ச்சியில் தம்பி கிட்டார் வாசிக்கிறான். 'த ஹூ' என்ற பிரித்தானிய ரொக் இசைக்குழுவின் பீட் டவுன்சென்ட் போட்டிருந்த மாதிரி ஜெக்கட் வேண்டும் என்று கேட்டான். 1966இல் ஒப்சேர்வர் பத்திரிகையின் வண்ண இதழின் அட்டையில் அவர் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் படம்தான் எங்களுக்கு மாதிரி.

முதுகில் கொடியின் உயரத்தை 45 செ.மீ. என்று வைத்தேன். இந்தக் கொடியின் அளவுகள் எல்லாம் உயரத்தை முப்பது பங்காக்கினால் கிடைத்துவிடும், அதனால் ஒரு பங்கு 1.5 செ.மீ. நடுச் சிலுவையின் சிவப்பு 9, அதன் இரு ஓர வெள்ளை 3, குறுக்கே போகும் சிவப்பு 3, அதற்கு ஒரு பக்கம் அகல வெள்ளை 4.5, மறு பக்கம் ஒல்லி வெள்ளை 1.5. உயரம் 45 என்றால் கொடியின் அகலம் 90 வர வேண்டும், ஆனால் எந்த முதுகும் அவ்வளவு இடம் தராது. சதுரத்துக்குக் கிட்டத்தான் கொண்டுவர முடியும். அப்போது 26 பாகை சொச்சத்தில் சாய்ந்திருந்த பட்டை 45 பாகைக்கு நிமிர்கிறது. 45 என்றால் நூலுக்குச் சரி குறுக்கு வாட்டம், தையல்காரர் 'கிராஸ்' என்பது. துணி அதிகம் இழுபடும் திசையே அதுதான். நீலத் துண்டின் ஓரத்தைக் கையில் பிடித்துத் தூக்கினாலே போதும், அலை விழுந்துவிடும்.

அதற்குக் கண்ட வழி, அடியில் ஒரு பொப்ளின். முதுகு அளவுக்கு வெள்ளைப் பொப்ளின் வெட்டி, எல்லாக் கோட்டையும் அதன் மேல் பென்சிலால் போட்டு, ஒவ்வொரு பட்டையையும் கவிழ்த்து வைத்து மூட்டி, புரட்டி அயர்ன் பண்ணினேன். இழுபடுவதைப் பொப்ளின் தாங்கிக்கொள்கிறது. மூட்டின் உள்மடிப்பை எப்போதும் நீலம், சிவப்புப் பக்கம் சாய்த்தே அழுத்துங்கள். வெள்ளைப் பக்கம் விட்டால் மேடை வெளிச்சத்தில் நிழல் மாதிரித் தெரியும். அயர்ன் பண்ணினால் ஒட்டும் கென்வஸ் நல்லது கிடைத்திருந்தால் பாதி வேலை மிச்சம். இங்கே கடையில் தருவது ஒரு கழுவலில் கொப்புளம் போட்டுவிடுகிறது.

இனி முக்கியமான இடம். தையல் பழகிய எல்லாருக்கும் முன்பக்கம் என்றால் துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டில் எடுப்பதுதான் பழக்கம். டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவும், "மடிச்சு வெட்டும்மா, எதுக்கு ரெண்டு வேல?" என்றார். இந்தக் கொடியில் அது நடக்காது. இடது பாதி வலது பாதியின் கண்ணாடி பிம்பம் இல்லை. 1801இல் அயர்லாந்தின் சிவப்புப் பட்டையைச் சேர்த்தபோது, அது ஸ்கொட்லாந்தின் வெள்ளைப் பட்டையை மூடிவிடாமல் பக்கத்தில் ஒதுக்கிப் போட்டார்கள். அதனால் காற்றாடியின் இதழ் மாதிரி ஒவ்வொரு குறுக்குப் பட்டையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நான் மனதில் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: பார்க்கிறவருக்கு இடப்பக்கம் சிவப்புக்கு மேலே அகல வெள்ளை, வலப்பக்கம் சிவப்புக்குக் கீழே அகல வெள்ளை. முன்னுக்கும் பின்னுக்கும் இதே கணக்கு. சந்தையில் நான் பார்த்த அச்சு டீ சேர்ட்டுகளில் எத்தனையோ இதைக் கோட்டை விட்டிருக்கின்றன. கண்ணில் பட்டால் எனக்கு மனம் ஆறாது.

இதிலிருந்து இன்னொரு சிக்கல் கிளம்புகிறது. முதுகின் வலப்பக்கத்தில் அகல வெள்ளை கீழே. அதே விலாவில் முன்பக்கம் அகல வெள்ளை மேலே. பக்க மூட்டில் இரண்டும் ஒருநாளும் ஒத்து வராது. எத்தனை தரம் பிரித்துத் தைத்தாலும் வராது, ஏனென்றால் கோளாறு தையலில் இல்லை. அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை இரு பக்கமும் 6 செ.மீ. அகலத்தில் வெறும் நீலத் துண்டு வைத்தேன். பட்டைகள் அதோடு நின்றுவிடுகின்றன, கண்ணுக்கும் உறுத்தவில்லை. இந்த ஜெக்கட்டில் எனக்கு மிகவும் பிடித்த துண்டு அதுதான்.

பொத்தான் ஓரத்தில் 9 செ.மீ. சிவப்பைப் பாதியாக்கி 4.5, 4.5 என்று வெட்டினால் மேலே வரும் பக்கம் குறைந்துபோகும். நடுக்கோடு பொத்தான் வரிசையில் விழ வேண்டும். நான் அதைத் தாண்டி 2 செ.மீ., அதற்கு மேல் மடிப்புக்கும் விட்டேன். பூட்டிப் பார்த்தால் சிவப்பு சரியாக 9.

துணி, புறக்கோட்டை கெய்சர் வீதியில் எடுத்த ட்ரில். நீலம் நல்ல துணி. சிவப்புதான் உயிரை வாங்கியது, சாயம் நிற்கவே இல்லை. எங்கள் பக்கம் மழை மாதங்களில் துணி காய நாள் கணக்காகும். ஈரம் நிற்க நிற்கச் சிவப்பு வெள்ளைக்குள் ஊரும். உப்புத் தண்ணீரில் போட்டால் நிற்கும் என்பார்கள், கடையில் வாங்கிய இந்தத் துணியிடம் அது பலிக்கவில்லை. சுடுதண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசி, அடுப்படிக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்ட பிறகே கத்தரியை எடுத்தேன். அடுத்த தரம் கண்டிக் கொழும்பு வீதியில் சிவப்பு மட்டும் தனியாகத் தேடப்போகிறேன்.

கொடி உடை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 'ஸ்பைஸ் கேர்ள்ஸ்' பாடகி ஜெரி ஹலிவெல் 1997இல் பிரிட் இசை விருது மேடையில் போட்ட குட்டைக் கவுன். அது 'குச்சி' (Gucci) நிறுவனத்தின் கறுப்புக் கவுன் ஒன்றின் மேல் அவருடைய அக்கா தைத்துக் கொடுத்த டீ டவல். பாத்திரம் துடைக்கிற துணி! பின்பக்கம் சமாதானச் சின்னம் வைத்திருந்தார்கள். மறு வருடம் சொத்பீஸ் ஏலத்தில் 41,320 பவுணுக்குப் போனது. அதே 1997இல் பாடகர் டேவிட் போவியின் இசைத்தட்டு அட்டையில் வந்த நீளக் கோட் அலெக்சாண்டர் மெக்குவீன் வடிவமைத்தது. வெட்டு என்று பார்த்தால் என் ஓட்டு அந்தக் கோட்டுக்குத்தான்.

அப்பாயி மெஷின் பக்கத்தில் வந்து நின்று பார்த்தது. "இது தொர பங்களாவுல பறந்த கொடியில்ல? இதப் போயி சட்டையா போடப்போறானா?" என்று கேட்டுவிட்டு, குறுக்குப் பட்டையை விரலால் தடவி, "தையல் நல்லாருக்கு" என்றது. எனக்கு அது போதும்.

அடுத்தது நம் கிரிக்கெட்டுக்கு ஒரு வெஸ்ட் கோட். மைதானம் மைதானமாக இலங்கைக் கொடியோடு போன ரசிகர் பெர்சி அபேசேகர 2023இல் காலமானதிலிருந்து இந்த யோசனை மனதில் கிடக்கிறது. சிங்கத்தை வெட்ட மாட்டேன், அதை மூட்டுக்குள் கொண்டுபோகவும் மாட்டேன். 1941இல் ஜோ சைமனும் ஜக் கேர்பியும் கெப்டன் அமெரிக்கா என்ற சித்திரக்கதை நாயகனின் உடைக்குச் செய்தது போல, கொடியை அப்படியே போர்த்தாமல் அதன் உறுப்புகளை மட்டும் எடுப்பதுதான் என் திட்டம். உடம்பு கருஞ்சிவப்பு, ஓரமெல்லாம் மஞ்சள் பைப்பிங், நாலு மூலைக்கு நாலு அரசிலை. பச்சைப் பட்டை ஒரு தோளில், தமிழருக்கான செம்மஞ்சள் பட்டை இடது நெஞ்சில். அந்தச் செம்மஞ்சள் சரியான நிறத்தில் கிடைக்கும்வரை தொடங்க மாட்டேன்.

இந்த ஜெக்கட்டுக்கு இன்னும் கை பொருத்தவில்லை. கொலரும் உள் லைனிங்கும் பாக்கி. கையை வெறும் நீலமாக விடுவதா, மணிக்கட்டில் ஒரு சிவப்பு வளையம் கொடுப்பதா என்று தம்பியோடு வாக்குவாதம் நடக்கிறது. பித்தளைப் பொத்தான் நல்லதாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.