ஈம் கிராமத்து ஆலயமும் ரைலி கல்லறைகளும்

எழுத்துக்கூட்டிப் படித்தால் 'எயாம்' என்றுதான் வரும், ஆனால் அந்த ஊர்க்காரர்கள் 'ஈம்' என்கிறார்கள். இங்கிலாந்தில் டெர்பிஷயர் மாவட்டத்து மலைச்சரிவில் இருக்கும் சின்ன கிராமம், பிளேக் நோய் வெளியே பரவக் கூடாதென்று 1666-இல் தன்னைத்தானே அடைத்துக்கொண்ட ஊர். ஷெஃபீல்டிலிருந்து பஸ்ஸில் போனேன். மே மாதம், வெயில் இருந்தும் குளிர் விடவில்லை.

புனித லாரன்ஸ் ஆலயத்துக்குள் நுழையுமுன் கல்லறைத் தோட்டத்திலேயே அரை மணி நேரம் போய்விட்டது. அங்கே ஒரு பழைய கற்சிலுவை நிற்கிறது, இப்போதுள்ள ஆலயத்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. கொடிபோல் சுருண்டு சுருண்டு ஏறும் செதுக்கல், கிட்டப்போய்ப் பார்த்தால் பள்ளங்களில் பாசி. தண்டின் மேல்பகுதி காணாமல் போனதால் தலை நேரே கீழ்த்தண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் அந்நாளைய குருவானவரின் மனைவி கேத்தரின் மாம்பெசன் கல்லறை. அவருக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1665-இல் லண்டனிலிருந்து இந்த ஊர்த் தையற்காரருக்குத் துணிமூட்டை ஒன்று வந்தது, ஈரமாக இருக்கிறதே என்று நெருப்பருகே காயப்போட்டார்கள், அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளோடு பிளேக் ஊருக்குள் இறங்கியது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. ஆலயத்தை ஒட்டிய வீட்டு வாசலில் ஒரு பலகை இருக்கிறது. மூட்டையைப் பிரித்த ஜார்ஜ் விக்கர்ஸ் முதலில் இறந்தார், செப்டம்பர் 7. அதே வீட்டில் எட்வர்ட் கூப்பர், வயது 4, செப்டம்பர் 22. அவன் அண்ணன் ஜோனதன், வயது 12, அக்டோபர் 2. தாய் மேரி மட்டும் பிழைத்தார், உறவில் 13 பேரைப் பறிகொடுத்துவிட்டு. அந்த வீட்டில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வாசலில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்போது இங்கே குருவானவராக இருந்தவர் வில்லியம் மாம்பெசன், முப்பதுகூட ஆகாத இளைஞர், வந்து அதிக நாள் ஆகவில்லை, சபையாருக்கு அவர்மேல் ஒட்டுதலும் இல்லை. அவருக்கு முன்பு இருந்த தாமஸ் ஸ்டேன்லி, அரசு விதித்த ஜெபப்புத்தகத்தை ஏற்க மறுத்துப் பதவியை இழந்த பியூரிட்டன், அதாவது சடங்குகளைக் குறைத்துத் திருச்சபையைத் திருத்த விரும்பிய பிரிவைச் சேர்ந்தவர். சனம் அவர் பேச்சைத்தான் கேட்டது. இந்த இருவரும் ஒன்றாக நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. 1666 ஜூனில் இருவரும் சேர்ந்து சபையாரிடம் கேட்டுக்கொண்டார்கள்: யாரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது, செத்தவர்களை அவரவர் குடும்பமே வீட்டருகில் புதைக்க வேண்டும், ஆலயத்தைப் பூட்டிவிட்டு கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் தள்ளித்தள்ளி நின்று ஆராதிக்க வேண்டும். சனம் ஒப்புக்கொண்டது. நோய் அடங்குவதற்குள் 260 பேர் இறந்துவிட்டார்கள்.

மாம்பெசன் தன் இரண்டு பிள்ளைகளை முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டார். நீயும் போ என்று மனைவியிடம் எவ்வளவோ கெஞ்சியும் கேத்தரின் கணவரை விட்டுப் போகவில்லை. ஆகஸ்ட் 25-இல் இறந்தார். வீட்டருகில் புதைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு நடுவிலும் அவர் கல்லறை இந்தத் தோட்டத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று நடக்கும் நினைவு ஆராதனையின்போது இதன்மேல் மலர்வளையம் வைப்பார்களாம்.

உள்ளே மாம்பெசனின் நாற்காலி, சுவரில் மங்கிய பழைய ஓவியங்கள், பிளேக் கதையைச் சொல்லும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் உண்டு. நான் அதிக நேரம் நின்றது இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் முன்னால்தான். ஒரே குடும்பப்பெயர் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். வெளியே வந்தால் தெற்குச் சுவரில் 1775-ஆம் வருடத்துச் சூரியக் கடிகாரம், அதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

அப்புறம் வயல் வழியே ஸ்டோனி மிடில்டன் பக்கம் நடந்தால் எல்லைக்கல். மேலே சின்னச் சின்னக் குழிகள். தொற்று நீங்கும் என்று நம்பி ஈம் மக்கள் அந்நாளில் அதில் வினிகர் ஊற்றி நாணயத்தைப் போட்டுவைப்பார்கள், அடுத்த ஊர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், அடியில் மழைத்தண்ணீர் சில்லென்று இருந்தது.

பலரும் இதோடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து ஊரின் மறுபக்கம் ரைலி கல்லறைகளுக்கும் போங்கள், அரை மைல்தான் இருக்கும். புல்வெளி நடுவே வட்டமான கற்சுவர், உள்ளே ஹேன்காக் குடும்பத்தின் ஏழு கல்லறைகள். 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் எலிசபெத் ஹேன்காக் தன் கையால் இங்கே புதைத்தார். உதவிக்கு யாரும் வர முடியாது, அதுதானே ஏற்பாடு. நான் போனபோது சுவருக்கு வெளியே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கல்லில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.