பதினெட்டு லோடு தண்ணீர்: ஒரு டிராஃபிக் ஸ்டடி அனுபவம்

சென்னை ஓஎம்ஆரிலிருந்து (பழைய மகாபலிபுரம் சாலை) பிரியும் ஒரு சாலையில் 400 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது, அதற்கு டிராஃபிக் ஸ்டடி தயாரிக்க வேண்டும் என்று ஃபைல் என் மேசைக்கு வந்தது. ஆர்கிடெக்ட் அதற்குள் வரைபடங்களை முடித்திருந்தார். கேட் எங்கே, கார் நிறுத்துமிடம் எங்கே, புல்தரை எங்கே எல்லாம் தீர்மானமாகிவிட்டது. ‘இந்தக் கட்டடத்தால் போக்குவரத்துக்குப் பாதிப்பில்லை’ என்று தொண்ணூறு பக்கத்தில் எழுதித் தர ஓர் ஆள்தான் பாக்கி. அந்த ஆள் நான்.

தமிழ்நாட்டில் 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடம் உயர்மாடிக் கட்டடக் கணக்கில் வந்துவிடும். திட்ட அனுமதிக்குப் போகும்போது போக்குவரத்துக் காவல் துறையின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) வேண்டும். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி தனி. அங்கேயும் வாகனங்களைப் பற்றிக் கேட்பார்கள். எங்கள் கட்டடம் இரண்டிலும் மாட்டியது.

முதல் வேலை சாலையில் போகிற வண்டிகளை எண்ணுவது. செவ்வாய், புதன், வியாழன் இந்த மூன்றில் ஒரு நாள் எண்ண வேண்டும் என்பது பாடம். ஒரு புதன்கிழமை விடியற்காலையில் கேமராவைக் கம்பத்தில் கட்டிவிட்டு, திரும்பும் வண்டிகளை எண்ணக் கல்லூரிப் பையன்கள் நாலு பேரை முனையில் உட்கார வைத்தோம். எட்டு மணிவாக்கில் அந்தச் சாலையில் இருக்கும் கல்யாண மண்டபத்தின் முன்னால் வேன்கள் வரிசை கட்டின. அன்றைக்கு முகூர்த்த நாள். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “ஏம்மா, இவ்ளோ படிச்சிருக்கீங்க, காலண்டர் பாக்க மாட்டீங்களா?” என்றார்.

அடுத்த வாரம் மறுபடி எண்ணினோம். முகூர்த்த நாளின் கணக்கைத் தூக்கிப் போடாமல் அறிக்கையில் தனி அட்டவணையாக வைத்தேன், அந்தச் சாலையில் இருப்பவர்களுக்கு அதுவும் ஒரு நாள்தானே. கிளையன்ட் பக்கத்து ஆள் ஒருவர், “ஆடி மாசத்துல எடுத்துருக்கலாமே மேடம்” என்றார். ஆடியில் மண்டபம் பூட்டிக் கிடக்கும், சாலை சாதுவாகத் தெரியும். அவர் யதார்த்தமாகச் சொன்னாரா, விஷயம் தெரிந்து சொன்னாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

எண்ணிய பிறகு எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்ற வேண்டும். இதைத்தான் பிசியூ என்கிறோம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டியான ஐஆர்சி 106இல் இதற்கு அட்டவணை இருக்கிறது. கார் என்றால் 1. பைக், மொத்த வண்டிகளில் 5 சதவீதம் இருந்தால் 0.5, 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 0.75. அதே மாதிரி ஆட்டோ 1.2 அல்லது 2, பஸ்ஸும் லாரியும் 2.2 அல்லது 3.7. சென்னையில் பைக் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் சாலை எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் மாதிரிக்கு என்று எனக்குக் கொடுத்த பழைய அறிக்கையில் எல்லா பைக்கும் 0.5! மணிக்கு 1,000 பைக் போகிற சாலையில் இந்த ஒரு தப்பு 250 கார்களைக் காணாமல் அடித்துவிடும்.

இதைவிடப் பெரிய வித்தை சாலைக்குப் பெயர் வைப்பதில் இருக்கிறது. இரண்டு தடம், இரு திசையிலும் வண்டி போகும் சாலை என்றால் அதே வழிகாட்டியில் மூன்று எண்கள். பிரதான சாலைக்கு மணிக்கு 1,500 பிசியூ, துணைப் பிரதான சாலைக்கு 1,200, கலெக்டர் சாலைக்கு 900. (மாவட்ட ஆட்சியருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தெருக்களிலிருந்து வரும் வண்டிகளைச் சேர்த்துப் பெரிய சாலையில் விடுவதால் அந்தப் பெயர்.) ஓரத்தில் வண்டி நிற்காத, வீட்டு வாசல் திறக்காத சாலைக்குத்தான் அந்த 1,500. எங்கள் சாலையிலோ டீக்கடை, பஞ்சர் கடை, இஸ்திரி வண்டி, மண்டபம், வாசலுக்கு வாசல் நிற்கும் கார்கள். வரைவில் யாரோ அதைப் பிரதான சாலை என்று போட்டிருந்தார்கள். 900 என்று மாற்றினேன். உச்ச மணி நேரத்தில் நாங்கள் எண்ணியது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. கட்டடம் வருவதற்கு முன்பே சாலை அளவை மீறிவிட்டது என்று அர்த்தம்.

900 என்பது சாலை சிரமமில்லாமல் தாங்கும் அளவு, ஏறக்குறைய முழுக் கொள்ளளவில் 70 சதவீதம். அதனால் எங்கள் சாலை அடைத்துக்கொண்டு நிற்கவில்லை, முனகிக்கொண்டு ஓடியது. கிளையன்ட்டுக்கு இந்த எண்ணில் வருத்தமே இல்லை. “ஏற்கெனவே ரொம்பின ரோடுதானே மேடம், நாங்க வந்து புதுசா என்ன கெட்டுடப் போகுது?” என்றார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். உண்மையில் அந்த நேரம் என்னிடம் நல்ல பதில் இல்லை.

பதில் வேறு குடியிருப்புகளின் கேட்டில் கிடைத்தது. புதுக் கட்டடத்துக்கு எத்தனை வண்டி வரும், போகும் என்று மதிப்பிட வேண்டும். இதற்குப் பலர் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் கழகமான ஐடிஇயின் கையேட்டைப் பிரித்துவிடுவார்கள். அது அவர்கள் ஊரில், பெரும்பாலும் காரை நம்பி வாழும் புறநகர்களில் எண்ணிய எண்கள். பைக்கும் ஷேர் ஆட்டோவும் ஓடும் ஊருக்கு அது பொருந்தாது. எனவே அதே வட்டாரத்தில் ஏற்கெனவே ஆள் குடியேறிய மூன்று குடியிருப்புகளின் வாசலில் போய் நின்று எண்ணினோம். குடியிருப்பவர்களின் கார், பைக் எல்லாம் எதிர்பார்த்தபடிதான் இருந்தது. எதிர்பாராதது மற்றவை. சாப்பாடு கொண்டுவரும் பைக் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பயணம். ஆளை இறக்கிவிட்டுப் போகும் டாக்ஸியும் அப்படியே. ஒரு கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் தன் நோட்டை நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர் லாரி.

ஆபீசுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். 400 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்திய நகரங்களுக்கான வழக்கமான அளவு. மொத்தம் 2,16,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் என்றால் பதினெட்டு லோடு. சுத்திகரித்த தண்ணீரைக் கழிப்பறைக்குத் திருப்பினால் குறையும், போர்வெல் தண்ணீர் வந்தால் இன்னும் குறையும். ஆனால் ஓஎம்ஆர் பக்கம் கோடைக்காலத்தில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், பதினெட்டு ஒன்றும் அபாண்டமான எண் இல்லை. ஆர்கிடெக்ட்டின் வரைபடத்தில் டேங்கர் லாரிக்கு ஓர் அங்குலம்கூட ஒதுக்கவில்லை. தொட்டி உள்ளே தள்ளி, அதற்குப் போகும் வளைவில் கார் மட்டுமே திரும்பும். லாரி சாலையிலேயே நின்று ஹோஸ் போட வேண்டியதுதான். இரண்டு தடச் சாலையில் ஒரு தடம் போயிற்று. கிளையன்ட் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதிலாக இருந்தது.

அடுத்தது பூம் பேரியர், அதாவது கேட்டில் ஏறி இறங்கும் தடுப்புக் கம்பு. அது சாலை ஓரத்திலேயே, மதில் சுவரை ஒட்டி இருந்தது. மாலை உச்ச மணி நேரத்தில் 180 கார் உள்ளே வரும் என்று மதிப்பிட்டிருந்தோம். செக்யூரிட்டி நம்பர் பார்த்துத் திறக்க ஒரு காருக்கு 15 நொடி ஆனால் மணிக்கு 240 கார் போகும். 180க்கு 240 தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் கார்கள் சீராக இடைவெளி விட்டு வருவதில்லை, சிக்னல் விட்டால் கும்பலாக வரும். வரிசைக் கணக்கு போட்டால், நூற்றில் 95 வேளைக்குப் போதுமான இடம் என்பது பத்து கார்களுக்கான இடம். காருக்கு 6 மீட்டர் வைத்தால் 60 மீட்டர். டேக் ஒட்டித் தானாகத் திறக்கும்படி வைத்து நேரத்தை 10 நொடிக்குக் குறைத்தால் நாலு கார், 24 மீட்டர். ஐந்து நொடியில் இத்தனை வித்தியாசமா என்று நானே மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

இதற்கு நடுவே மெட்ரோ. மாதவரத்திலிருந்து சிப்காட் வரும் இரண்டாம் கட்ட வழித்தடத்துக்காக ஓஎம்ஆரில் பேரிகேட் போட்டிருந்தார்கள். அதற்குப் பயந்து உள் சாலைக்குத் திரும்பிய வண்டிகளும் எங்கள் எண்ணிக்கையில் சேர்ந்திருந்தன. ரயில் வந்துவிட்டால் கார் 30 சதவீதம் குறையும், இப்போதே கழித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு யோசனை வந்தது. என் சீனியர் ஒரே வரியில் மறுத்தார்: “ஓடாத ரயில்ல எப்படிம்மா ஆளை ஏத்துறது?” கழிக்காத கணக்கையே முதலில் வைத்தோம், ரயில் வந்த பிறகு என்பதைப் பின்னிணைப்பில் தள்ளினோம்.

கிளையன்ட்டுடன் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. பிசியூ, 900, 1,500 எல்லாவற்றையும் அவர் கொட்டாவியோடு கேட்டார். பதினெட்டு லாரி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடு வாங்குகிறவர்கள் முதல் கோடையிலேயே தன்னிடம்தான் சண்டைக்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். டேக் வைத்து, பேரியரை 25 மீட்டர் உள்ளே தள்ளவும், டேங்கருக்குத் தனி வாசலும் திரும்பும் இடமும் ஒதுக்கவும் ஒப்புக்கொண்டார். ஆர்கிடெக்ட் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அப்புறம் போக்குவரத்துக் காவல் துறை அதிகாரியைப் பார்க்கப் போனோம். அறிக்கையை நடுவில் பிரித்து, அட்டவணைகளை வேகமாகத் தள்ளி, கேட் இருக்கும் வரைபடத்தில் நின்றார். “தண்ணி லாரி எங்க நிக்கும்?” என்றார். காட்டினேன். உள்ளுக்குள் ஒரே பெருமிதம். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வி கேட்டார்: “காலைல ஸ்கூல் வேன்லாம்?”

வேன். மூன்று கேட்டிலும் காலை ஏழரைக்கு எதிரே நின்று ஹாரன் அடித்த அத்தனை வேனும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. அவை உள்ளே வராததால் எங்கள் தாளில் ஏறவில்லை. சாலையில் நிற்கிற வண்டியை எண்ண எங்களிடம் கட்டமே இல்லை. மதிலை மூன்றரை மீட்டர் உள்ளே வாங்கி, இரண்டு வேன் நிற்க இடம் விட்டு, நடைபாதையைச் சேர்த்து மறுபடி வரைந்து கொண்டுவரச் சொன்னார். புல்தரையில் பாதி அதற்குப் போனது.

ஆர்கிடெக்ட்டிடம் இந்த முறை சீனியரைப் பேசச் சொல்லிவிட்டேன்.