நான்கு அங்குல டயரும் மூன்று அங்குலத் தட்டும்

பினாங்குத் தீவின் பாயான் பாருவில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் இரண்டு மின்சைக்கிள்களும் மடக்கு வகையைச் சேர்ந்தவை. 20 அங்குலச் சக்கரம், 4 அங்குல அகல டயர். முழங்கால் வலியால் மிதிப்பதையே விட்டுவிட்டிருந்த நானும், எப்போதும் எனக்கு முன்னால் போய்விடும் என் மனைவியும், பாலிக் புலாவில் சுங்கை பூரோங் வயல்களை ஒட்டிய சாலைகளில் விடியற்காலையில் ஓட்டலாம் என்ற ஆசையில்தான் அவற்றை வாங்கினோம். அங்கே போவதற்குத் துன் சார்டோன் மலைச்சாலையைத் தாண்ட வேண்டும். லோரிகளுக்கு நடுவே அந்த வளைவுகளில் சைக்கிளில் ஏறும் துணிவு எனக்கு இல்லை. மடக்கிக் காருக்குள் வைத்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான், ஆனால் மடக்கிய பிறகும் அது ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் பருமனில் இருக்கும் என்பதையும், அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கவேண்டியவன் நான் என்பதையும் அவர் சொல்லவில்லை.

முதலில் வாங்கியது, சைக்கிளைக் காருக்கு வெளியே மாட்டிக்கொண்டு போக, பின்கதவில் வார்களால் கட்டும் மலிவான ரேக். ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. ஒரே ஒரு சைக்கிளை மாட்டி வீட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்ததில், பின்கதவின் மேல்விளிம்பில் கொக்கி அழுந்திய இடம் விரல் நுனி அளவுக்கு உள்வாங்கிவிட்டது. கூரைமேல் பொருத்தும் ரேக்கை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அவ்வகை ரேக்குகள் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டித் தாங்குவதில்லை என்பது ஒருபுறமிருக்க, என் சைக்கிளின் 29 கிலோவைத் தலைக்குமேல் தூக்க இரண்டு இளைஞர்கள் வேண்டும்.

இந்த 29 கிலோ என்பது விளம்பரத் தாளில் இருந்த கணக்கு அன்று. பயணப்பெட்டிகளை நிறுக்கும் 50 கிலோ தொங்குதராசை வாசல் கம்பியில் கட்டி, முன்சக்கரத்தைத் தனியாகவும் பின்சக்கரத்தைத் தனியாகவும் சற்றே தூக்கி நிறுத்துக் கூட்டினேன். முன்பக்கம் 12, பின்பக்கம் 17. மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருப்பதால் வந்த வேறுபாடு இது. மனைவியின் சைக்கிள் 27 கிலோ. பேட்டரிகளைக் கழற்றினால் ஒவ்வொன்றிலும் 3 கிலோ குறையும். ஆக இரண்டும் சேர்ந்து 50 கிலோ. இந்தக் கணக்கைக் கடைக்குப் போகுமுன் போட்டிருந்தால் பின்கதவு தப்பியிருக்கும்.

இத்தனை எடையைத் தாங்க மிஞ்சியிருந்தது, காரின் பின்னடியில் இழுவைக்காகப் போடும் டோ பாரில் பொருத்தி, சைக்கிளைத் தொங்கவிடாமல் சக்கரங்களைத் தட்டில் நிறுத்தும் ரேக் மட்டுமே. எங்கள் கார் மாடலுக்கென்றே செய்யப்பட்ட டோ பாரைப் பிறை என்ற ஊரில் உள்ள ஒரு பட்டறையில் பொருத்திக்கொண்டோம். அடிச்சட்டத்தில் ஏற்கெனவே இருந்த துளைகளில் போல்ட் போட்டு இறுக்கும் வகை அது. பற்றவைத்து ஒட்டுவதற்கு நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். செங்குத்தாக அழுத்தும் எடை 75 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதன் தகட்டில் பொறித்திருக்கிறது. ரேக்கின் சொந்த எடை 19 கிலோ, சைக்கிள்கள் 50, ஆக 69. பட்டறைக்காரர் அதோடு விடவில்லை. “அண்ணே, இது நின்னுக்கிட்டு இருக்கும்போது உள்ள கணக்கு. குழியில இறங்கினா அதே சைக்கிள் ரெண்டு மடங்கு கனக்கும். கனமானதைக் காரை ஒட்டி வைங்க,” என்றார். அன்றிலிருந்து என் சைக்கிள் உள்பக்கம், மனைவியுடையது வெளிப்பக்கம்.

எடைச் சிக்கல் தீர்ந்தது என்று நிமிர்ந்தபோதுதான் அகலச் சிக்கல் தலைதூக்கியது. மின்சைக்கிளுக்கு ஏற்றது என்று ரேக்கில் எழுதியிருந்தால் அது எடையைப் பற்றிய உறுதி மட்டுமே, டயரைப் பற்றியது அன்று. தட்டின் உள்ளகலம் 75 மில்லிமீட்டர், எங்கள் டயர் 100. டயர் தட்டுக்குள் இறங்காமல் இரு விளிம்புகளின்மேல் ஏறி உட்கார்ந்தது. பற்கள் வைத்த வாரோ சக்கரத்தைச் சுற்றிவர நான்கு விரல்கடை போதவில்லை. வாருக்குத் தீர்வு கடையிலேயே கிடைக்கும். ஸ்வீடனின் தூலே போன்ற நிறுவனங்கள் அகல டயர்களுக்கென்றே நீள வார்களைத் தனியாக விற்கின்றன. தட்டைத்தான் நாமே அகலப்படுத்த வேண்டியிருந்தது.

3 மில்லிமீட்டர் தடிப்புள்ள, உள்ளகலம் 110 மில்லிமீட்டர் கொண்ட அலுமினியப் பள்ளச் சட்டத்தை 25 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு துண்டுகளாக வெட்டி, பழைய தட்டின் துளைகளின் வழியாகவே 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளால் முடுக்கினேன். முதல் முறை உருண்டைத் தலை போல்ட்டுகளைப் போட்டது என் தவறு. டயரின் அடியில் ஒரு கூழாங்கல் கிடப்பதுபோல அவை உறுத்தின. துளைவாயைச் சரிவாகக் கடைந்து, தட்டோடு மட்டமாக உட்காரும் போல்ட்டுகளை மாற்றி, மேலே பழைய டியூபை வெட்டி ஒட்டினேன். கடற்காற்று வீசும் ஊரில் எவர்சில்வர் போல்ட்டும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கும்; அதனால் இடையில் நைலான் வாஷர். எல்லாம் சேர்ந்து இரண்டரை கிலோ கூடியது, 71.5 ஆனது. தட்டை எவ்வளவு வேண்டுமானாலும் அகலமாக்கலாம். தகட்டில் பொறித்த 75-ஐ எந்தப் பட்டறையாலும் 80 ஆக்க முடியாது.

மனைவியின் சைக்கிளில் மேல்கம்பி இல்லை. சட்டகத்தைப் பிடிக்கும் கையை இருக்கைக் குழாயில் பூட்டுகிறோம்; எடையைத் தட்டு தாங்குகிறது, கை சாயாமல் பிடித்தால் போதும்.

ஏற்றும்போது பேட்டரியை விட்டுவைத்து, நடைவேக விசையை அழுத்திச் சரிவுப்பலகையில் சைக்கிளைத் தானாக ஏறவைப்பவர்கள் பலர். எங்கள் சைக்கிளில் பேட்டரி நடுச்சட்டத்துக்குள் இருக்கிறது, மடக்கினால்தான் வெளியே வரும். தட்டில் நிறுத்தியபின் மடக்க முடியாது. ஆகவே முதலில் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, கனமான பின்பக்கத்தைப் பலகையில் உருட்டித் தள்ளுகிறோம்.

துன் சார்டோனின் முதல் வளைவுகளிலேயே கண்ணாடியில் சைக்கிள்கள் தலையாட்டுவதைப் பார்த்து ஓரங்கட்டினேன். பூட்டுகள் எதுவும் கழலவில்லை, ஆனால் வார்கள் தொளதொளத்தன. வயலோர மண்பாதைக்காக டயர்களில் காற்றழுத்தத்தை 10 பிஎஸ்ஐ அளவில்தான் வைத்திருந்தோம். மெத்தென்ற டயரை வார் அழுத்தும்போது இறுக்கமாகத் தோன்றுகிறது. குலுங்கக் குலுங்க டயர் வேறு வடிவத்துக்கு நசுங்கி, வார் தளர்ந்துவிடுகிறது. மெல்லிய டயர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இப்போது வீட்டிலேயே 20 பிஎஸ்ஐ வரை அடித்துக் கட்டுகிறோம், பாலிக் புலாவில் இறக்கியபின் காற்றைக் குறைக்கிறோம். கைப்பம்பு காரில் இருக்கிறது. திரும்பும்போது மறுபடி அடிப்பது என் வேலை, அதற்குள் மனைவி எண்பலகையும் பின்விளக்குகளும் கொண்ட கூடுதல் பலகையை ரேக்கின் பின்னால் மாட்டி, நான் பிரேக்கை மிதிக்க விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுகிறார்.