டிஸ்க் ஆபரேஷன் முடிந்த நாய்க்கு முதல் கவலை மூத்திரப்பை

டாஷ்ஹண்ட் போன்ற நீள முதுகு நாய்களுக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுங்கி ஆபரேஷன் ஆனால், எல்லோரும் கேட்பது "நாய் எப்போ எழுந்து நடக்கும்?" என்றுதான். அதைவிட அவசரம், மூத்திரம் தானாகப் போகிறதா என்பது; பிதுங்கிய டிஸ்க் அழுத்தும் தண்டுவடம் வழியாகத்தான் மூத்திரப்பைக்கும் கட்டளை போகிறது.

படுக்கை நனைந்திருந்தால் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பை நிரம்பி வழிந்தாலும் நனையும். அதிகம் விரிந்தால் பையின் தசை தளர்ந்துவிடும்; தேங்கிய மூத்திரத்தில் கிருமி பெருகும். அதனால் தானாகப் போகாத நாய்க்கு 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை பையை அமுக்கி மூத்திரத்தை எடுக்க வேண்டும்.

நாயை நிற்கவைத்துத் தாங்கிக்கொண்டு, பின்தொடைக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரு பக்கமும் விரல்களைத் தட்டையாக வையுங்கள். தண்ணீர் பலூன் மாதிரி ஒன்று தட்டுப்படும். இரு பக்கமும் சீராக அழுத்தி, வால் பக்கமாகத் தள்ளுங்கள். தாரை நிற்கும்வரை விடாதீர்கள். விரல் நுனியால் குத்தக் கூடாது. வயிறு இறுகினால் கையை எடுத்து, தளர்ந்ததும் தொடருங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டர் எதிரில் ஒருமுறை செய்து பாருங்கள். படித்து மட்டும் இது கைவராது. துர்நாற்றம், கலங்கல், ரத்தம் தெரிந்தால் உடனே மூத்திரப் பரிசோதனை.

கூண்டு ஓய்வு, அதாவது ஓடாமல் தாவாமல் கூண்டுக்குள்ளேயே வைத்திருப்பது, பொதுவாக 4 முதல் 6 வாரம். வலி குறைந்ததும் சோபாவில் தாவப் பார்க்கும், ஜாக்கிரதை. கழுத்துப்பட்டை வேண்டாம், ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டை) போதும். வெளியே கூட்டிப்போகும்போது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பின்பாகத்தைத் தூக்கிப் பிடியுங்கள். எழ முடியாத நாயை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். இல்லாவிட்டால் இடுப்பெலும்பு மேல் புண் வரும்.